கோமாளியின் கையும் என் ஞாபகமும்

அன்புள்ள மகளுக்கு உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், சுகமாக இருப்பதுபோல் நடிக்கிறவர்களும் சுகமாகத்தான் இருக்கிறார்கள். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், சுண்டுவின் தாடைக் காயம் ஆறிவிட்டதா, தையல் போட்ட தடம் தெரிகிறதா என்று பதில் எழுதவும். இனி விஷயம். அன்றைக்கு அந்த தீம் பார்க்குக்குப் போனவர்கள் யார் யார் என்று முதலில் எழுதுகிறேன், எனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று நீயே பார்த்துக்கொள். உன் அண்ணன், நீலக் கோடு போட்ட சட்டை, இடது கைப் பொத்தான் அறுந்தது. உன் அண்ணி, புதுச் செருப்பு, வண்டியிலிருந்து இறங்கும்போதே கடித்து நொண்டினாள். அவர்கள் மகள் நெட்டச்சி, மஞ்சள் தொப்பி. அண்ணியின் அம்மா, நம் சம்பந்தியம்மா, கறுப்புக் கண்ணாடி, சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. உன் அப்பா, பழுப்புக் கால்சட்டை, முட்டியில் காபிக் கறை. உன் மகள் சுண்டு, பூப்போட்ட கவுன், வெள்ளை ஷூ. அப்புறம் நான். வேறு ஆளில்லை. இதில் ஒரு பொத்தான் தப்பாக இருந்தாலும் உன் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

இதை ஏன் போனில் சொல்லாமல் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள், அதில் நான் என்ன பேச முடியும், நான் வாயைத் திறந்தால் ஒருத்தி இருமுகிறாள் ஒருத்தன் நேரமாச்சு என்கிறான். சுண்டு ஊர் திரும்பின பிறகு நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. உன்னை நம்பித்தானேம்மா பிள்ளையை விட்டேன், கையை விடாதேன்னு அத்தனை தடவை சொன்னேனே, இனிமே எந்த லீவுக்கும் அவளை அங்கே அனுப்ப மாட்டேன் என்றாய். எல்லாரும் கேட்டார்கள். ஒருத்தரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, ஏனென்றால் நான்தான் கையை விட்டேன் என்று அன்றைக்கு நானே நம்பியிருந்தேன். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கேள். அந்த இடத்தில் காலை வைத்ததிலிருந்தே எனக்குச் சரிப்படவில்லை. வாசலில் ஒருத்தி என் பையைப் பிடுங்கிக் கிளறி நான் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டாள், வெளியே போகும்போது தருவோம் என்றாள், உள்ளே விற்கிறதை வாங்கணும் என்றுதானே அது. மணிக்கட்டில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டினார்கள், இழுத்தாலும் வராது, கைதிக்கு மாட்டுகிற மாதிரி. கரடி வேஷம் போட்ட ஒருத்தன் பிள்ளைகளைக் கட்டிப்பிடிக்க வந்தான், கண்ணே தெரியாத ஆளிடம் பிள்ளையை எப்படிக் கொடுப்பேன், முதலில் தலையைக் கழற்று என்றேன். உன் அண்ணிக்கு வெட்கம், அத்தை கொஞ்சம் சும்மா இருங்க என்றாள். சம்பந்தியம்மா கண்ணாடிக்குள்ளேயே சிரித்தாள். எனக்கு அங்கே உத்தியோகமும் கொடுத்துவிட்டார்கள், ஒரு பெஞ்சில் உட்காரவைத்து எல்லாருடைய பையையும் செருப்பையும் என் மடியில் அடுக்கி, நீங்கதான் காவல் என்று போனார்கள்.

அந்த பெஞ்சுக்கு எதிரேதான் ஆடுகிற கப்பல். இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் ஏறி ஆகாயத்தில் நிற்கும், உள்ளே இருப்பவர்கள் கத்துகிற கத்து வாசல்வரை கேட்கும். அதில் ஏறுகிற வழியில் மரத்தில் செய்த கோமாளி பொம்மை ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையில் தலை தட்டினால்தான் ஏறவிடுவார்கள், தட்டாவிட்டால் திரும்பிப் போகவேண்டியதுதான். நெட்டச்சிக்கு நெற்றியிலேயே இடித்தது. சுண்டு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள், ஒரு விரல் கனம் குறைந்தது, அங்கே நின்றவன் அடுத்த வருஷம் வா பாப்பா என்று அனுப்பிவிட்டான். நெட்டச்சி மேலேயிருந்து, நீ போயி பாட்டிகூட செருப்புக்குக் காவல் காரு என்று கத்தினாள். அதற்கு உன் அண்ணன் கண்டிக்காமல் சிரித்தான், அதையும் எழுதிவைத்துக்கொள். பிள்ளை என்னிடம் வந்து என் மடியில் இருந்த பைகளுக்கு நடுவே முகத்தைப் புதைத்து அழுதாள். ஏம் பாட்டி நான் மட்டும் வளரவே மாட்டேங்கறேன் என்று கேட்டாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாதுடி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது உன் அப்பா வந்தார். அழாதே, வா, ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன் என்றார். நான் சுண்டுவின் கையைப் பிடித்து அவர் கையில் கொடுத்தேன். என் கையிலிருந்து அவர் கைக்கு. கெட்டியாப் பிடிச்சுக்குங்க என்றும் சொன்னேன்.

அப்புறம் நடந்தது இவ்வளவுதான். மற்றவர்கள் அடுத்த விளையாட்டுக்குப் போயிருந்தார்கள், ஒரு போட்டோக்காரன் வந்து வாசலிலேயே எங்களைப் படம் பிடித்துவிட்டதாகவும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் என்னிடம் நீட்டினான். கேட்காமல் எதற்கு எடுத்தாய், என் மூஞ்சியை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், தாடையெல்லாம் ரத்தம், கவுனில் ரத்தம். குழாயடியில வழுக்கி விழுந்துட்டா என்றார். அங்கேயே ஒரு முதலுதவி அறையில் துடைத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வீடு வந்து சேர்ந்தோம். யார் கேட்டாலும் சுண்டு குழாய் என்பாள், தாத்தாவைப் பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா எல்லார் முன்னாலும் சொன்னார், நான் ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்து உன்கிட்ட கொண்டுவந்து விட்டேனே, நீ போட்டோக்காரன்கூட சண்டை போட்ட ஜோரில கையை விட்டுட்ட, அவ குழாய்ப் பக்கம் ஓடிட்டா என்றார். நீங்க கொண்டுவந்து விடவே இல்லையே என்றேன். விட்டேன்மா, உனக்கு ஞாபகம் இல்லை என்றார், எவ்வளவு மெதுவாக, எவ்வளவு பாவமாக. நாற்பது வருஷம் அந்தக் குரலைக் கேட்டவள் நான், நோயாளியிடம் பேசுகிற மாதிரி பேசினார். உன் அண்ணன், போனாப் போகுதும்மா, வயசானா அப்படித்தான் என்றான். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பேச்சு எடுபடுவதில்லை. அடுப்பை அணைச்சீங்களா அத்தை என்று உன் அண்ணி நான் அணைத்த அடுப்பைப் போய்த் தொட்டுப் பார்க்கிறாள். வீட்டுச் சாவி என் இடுப்பிலிருந்து அவள் கைப்பைக்குப் போய்விட்டது. ஞாபகத்துக்கு ஒரு டாக்டராம், அடுத்த மாதம் என்னைக் கூட்டிப்போகிறார்களாம், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பாராம். நீ பிறந்தபோது அந்தப் பிரசவ அறையில் அடுத்த கட்டிலில் இருந்தவள் என்ன சொல்லி அழுதாள் என்று சொல்லக்கூடியவள் நான், என்னிடம் கிழமை கேட்பாராம். ஆனால் மகளே, தனியாகப் படுத்திருக்கும்போது எனக்கே பயம் வந்தது. ஒருவேளை அவர் கொண்டுவந்து விட்டாரோ, நான்தான் கவனிக்கவில்லையோ, என் மூளையில் ஓட்டை விழுந்துவிட்டதோ என்று. அந்தப் பயத்தில்தான் நீ திட்டியபோது வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் அறையைப் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் சுண்டுவின் வெள்ளை ஷூ கிடைத்தது. அன்றைக்கு அப்புறம் அவள் அதைப் போடவே இல்லை, எடுத்து வைத்தால் காலால் உள்ளே தள்ளுவாள், ஊருக்கும் செருப்போடுதான் வந்தாள். துவைத்து உனக்கு அனுப்பலாம் என்று வாளியில் போட்டுக் கையை விட்டால் குதிகால் பக்கம் கட்டை மாதிரி இருந்தது. உள்ளே இருக்கிற பட்டையைக் கிளப்பினேன். இரண்டு ஷூவிலும் துணி, ஒரு கைக்குட்டையை இரண்டாகக் கிழித்து ஷூவுக்குப் பாதியாக மடித்து மடித்து வைத்திருந்தது, சரியாக ஒரு விரல் கனம். அங்கேயே துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு விரல் கனம் எதற்கு வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிள்ளை குழாயடியில் விழவில்லை, கப்பலில் ஏறியிருக்கிறாள்.

கைக்குட்டை நம் வீட்டுடையது. பழைய படுக்கை விரிப்பை வெட்டி ஓரம் தைத்து மூலையில் சிவப்பு நூலால் முடிச்சுப் போடுவேனே, நீ பள்ளிக்கூடம் போகும்போது உனக்கும் அதுதானே, அதே. உன் அப்பாவுக்கு எப்போதும் இரண்டு வேண்டும், ஒன்று முகத்துக்கு ஒன்று மூக்குக் கண்ணாடிக்கு. உங்க கைக்குட்டை எங்கே என்று அவரிடம் கேட்டேன். கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை, என் கைக்குட்டையைச் சம்பந்தியம்மாவுக்கு இரவல் குடுத்தேனே, வேர்க்குதுன்னு கேட்டாங்க என்றார். எனக்கு அது போதும். உன் அண்ணன் கல்யாணத்தன்றைக்கு என் சேலையைத் தொட்டுப் பார்த்து, இது உங்க மக கட்டிக் கழிச்சதா என்று கேட்டவள் அவள். நேராக அவள் வீட்டுக்குப் போனேன். என் பேத்தியைக் கொல்லப் பார்த்தியா என்று வாசற்படியிலேயே ஆரம்பித்தேன், பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. அவள் உள்ளே போய் ஒரு கைக்குட்டையைக் கொண்டுவந்தாள், துவைத்து இஸ்திரி போட்டு நான்காக மடித்தது, மூலையில் என் சிவப்பு முடிச்சு. திருப்பித் தர மறந்துட்டேன் சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க, உள்ள வாங்க, ஒரு வாய் காபி குடிங்க என்றாள். கறுப்புக் கண்ணாடி இல்லை, முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தேன், ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. காபி குடித்துவிட்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது, சர்க்கரை கொஞ்சம் தூக்கல். வழியெல்லாம் ஒரே நினைப்பு, முகத்துக்கான கைக்குட்டை இங்கே இருக்கிறது என்றால் கிழிந்தது கண்ணாடிக்கானது.

உன் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்கு இந்தப் பக்கம் இஸ்திரி போட்டதையும் அந்தப் பக்கம் கிழிந்த பாதிகளையும் வைத்தேன். சோறு போட்டேன். அவர் கை தட்டுக்குப் போகவில்லை. அப்புறம் சொன்னார். பிள்ளை அழறதைப் பார்க்க முடியலை, கழிப்பறைப் பக்கம் உட்காரவெச்சு ஷூவில துணியை வெச்சேன், வேற ஆள் வேலைக்கு மாறியிருந்தான், கோமாளி கை தட்டிச்சு, நீ போட்டோக்காரன் பக்கம் திரும்பி நின்னு கத்திக்கிட்டிருந்தே, அவ சிரிச்ச சிரிப்பைப் பார்க்கலையே என்றார். கப்பல் மேலே போனபோது சின்ன உடம்பு, மடிமேல் பூட்டுகிற கம்பிக்கு அடியில் வழுக்கியிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவர் கவுனைப் பிடித்து இழுத்திருக்கிறார், தாடை கம்பியில் இடித்தது. இவர் பிடிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத மாட்டேன். எழுதினால் உனக்குத் தூக்கம் வராது, எனக்கு வராதது போதும். சரி, பிள்ளைப் பாசம், புத்தி மங்கிவிட்டது, அதைக்கூட விட்டுவிடலாம். என் ஞாபகத்து மேல ஏங்க பழியைப் போட்டீங்க என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார், உண்மை தெரிஞ்சா மக என்கூடப் பேசமாட்டா, நீங்க ரெண்டு பேரும் எப்பவும் சண்டைக்காரங்கதானே, உங்களுக்குள்ள ஒரு சண்டை கூடினா என்ன தெரியப்போகுது என்று. அப்புறம், பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதே என்றார். சாப்பிட்டும் முடித்தார்.

இதை நான் இங்கே சொன்னால் கிழவிக்கு இப்போது கதையும் கட்ட வருகிறது என்பார்கள். அதனால் நீதான் செய்யவேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணும்போது எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஒரே ஒரு கேள்வி கேள், அப்பா, உங்க கண்ணாடித் துணி எங்கே என்று. வேறு ஒன்றும் பேசாதே, அவர் பதில் சொல்கிறவரை காத்திரு. கிழிந்த பாதி ஒன்றை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன், முடிச்சைப் பார்த்தால் உனக்குத் தெரியும். சுண்டுவைத் திட்டாதே, தாத்தாவுக்குச் சத்தியம் பண்ணிக்கொடுத்துவிட்டுப் பாரத்தைச் சுமந்திருக்கிறாள், பாட்டிக்குத் தெரிஞ்சுபோச்சு, நீ இறக்கி வெச்சுடலாம் என்று நான் சொன்னதாகச் சொல். அடுத்த லீவுக்கு அவளை அனுப்பு, கரடியும் கப்பலும் இல்லாத இடமாகப் பார்த்து நானே கூட்டிப்போகிறேன், கை என் கையில்தான் இருக்கும். நீயும் வேளைக்குச் சாப்பிடு, குரல் போனில் வறண்டு கேட்கிறது. கடிதத்தை நான் போட்டுட்டு வர்றேன் என்று உன் அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார், கொடுக்கமாட்டேன், நானே போய்ப் போடுவேன். கவர் ஒட்டுகிற இடத்தில் பசைக்குள் ஒரு சிவப்பு நூலை வைத்து ஒட்டுகிறேன். நூல் அறுந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் நீண்ட காலம் வாழவேண்டும், சுண்டு அந்தக் கோமாளி கை இடிக்கிற அளவுக்குத் தன் காலில் வளரவேண்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத உன் அம்மா

கீழே இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். சிரித்த உன் அண்ணனை மன்னித்துவிட்டேன், அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறவளை மன்னித்துவிட்டேன், நெட்டச்சி சின்னப் பிள்ளை. சம்பந்தியம்மாவைப் பாதி மன்னித்தாகிவிட்டது, கல்யாணத்தன்றைக்குச் சொன்னது மட்டும் பாக்கி. என்னைத் திட்டிய உன்னையும் மன்னித்துவிட்டேன், உனக்குத் தெரியாதே. இன்னும் ஒருத்தர் இருக்கிறார். மூன்று வேளையும் சோறு போடுவேன், துணி துவைப்பேன், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவேன், புதுசாக ஒரு கண்ணாடித் துணியும் தைத்துக் கொடுப்பேன். மன்னிக்க மட்டும் மாட்டேன், உன் அப்பாவை.