விண்வெளிக் கோட்டையில் ஒரு கம்புப் பானை

உன் மகள் நேற்றுக் காலையில் ஒரு சேலை அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, அப்பா இதை உங்களுக்குன்னு வச்சிருந்தாக" என்றாள். மூடியைத் திறந்ததும் இந்தியன் இங்க் வாடை. உள்ளே கிராப் தாள்கள், சேலைக் கரைக்கு டிசைன் போட நீ வாங்கும் அதே கட்டம் போட்ட தாள்கள். நீ வரைந்த வீரர்கள் எல்லோரும் அந்தக் கட்டங்களுக்கு மேலேதான் பறந்தார்கள்.

எண்பதுகளில் நாம் இரண்டு பேரும் நடத்திய கையெழுத்துச் சித்திரக்கதை. பெயர் 'மின்னல் ஐவர்'. நீ படம் போட்டு, பேசும் இடத்தில் வெற்றுப் பலூன் வரைந்து விடுவாய். அதற்குள் வசனம் எழுதுவது நான். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன். அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தருகே என் பழைய பேப்பர் கடைக்கு எடைக்கு வந்ததைப் படித்தே எழுதக் கற்றவன். ஒரே ஒரு பிரதிதான். கடையில் உட்கார்ந்து படிக்க வேண்டும். கருத்து எழுதக் கடைசியில் நாலு தாளை வெறுமையாக விட்டிருப்போம். மழையை வரவழைக்கும் வீரனைப் பற்றி, "இவனை முதலில் திருச்சுழிப் பக்கம் அனுப்புங்கள்" என்று ஒருவர் எழுத, கடையே சிரித்தது.

ஆனால் எல்லோரும் உன் படத்தைத்தான் புகழ்ந்தார்கள். என் எழுத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அது எனக்கு எவ்வளவு உறுத்தியது என்று உன்னிடம் சொன்னதில்லை.

வில்லன் விஷயத்தில் நமக்குள் தகராறு. வேற்றுக் கிரகத்திலிருந்து வரட்டும் என்றேன் நான். ஐவரில் ஒருவனே துரோகியாக வேண்டும் என்றாய் நீ. "காரணம் இல்லாம கெட்டவனா இருக்க எவனாலலே முடியும்? கூட இருக்கவனுக்குத்தான் காரணம் இருக்கும்."

அந்த நாட்களில்தான், பரளச்சிக்குப் போன பஸ்ஸில், என்னிடம் மட்டும் அதைச் சொன்னாய். உன் அண்ணனுக்கு மதராஸிலிருந்து வந்த நேர்காணல் கடிதத்தைக் கம்புப் பானைக்குள் ஒளித்து வைத்ததை. அவர் போய்விட்டால் தறியோடு தனியாகக் கிடக்க வேண்டுமே என்ற பயம். நேர்காணல் நாள் கடந்த பிறகு, இப்போதுதான் வந்தது என்று கொடுத்திருக்கிறாய். அவர் தபால்காரரைத் திட்டிவிட்டுத் தறிக்கே திரும்பிவிட்டார்.

அடுத்த இதழில் ஐவரின் விண்வெளிக் கோட்டைக்குள் மழை வீரனைத் துரோகியாக வரைந்து, ஒரு பெரிய பலூன் விட்டிருந்தாய். நான் நீளமாக எழுதுகிறவன் என்று எப்போதும் பெரிதாகத்தான் விடுவாய். அதில் எழுதினேன்: "தலைவனுக்கு வந்த செய்தியைக் கம்புப் பானைக்குள் ஒளித்தவன் நான்தான். அவன் போய்விட்டால் நான் தனியாகிவிடுவேனே!" உனக்குக் காட்டாமலே பிரதியைக் கடையில் வைத்தேன்.

"விண்வெளிக் கோட்டையில் ஏதப்பா கம்புப் பானை?" என்று கருத்துப் பக்கத்தில் கேலி எழுதினார்கள். உன் அண்ணனும் வந்து படித்தார். சிரிக்கவில்லை. கடிதத்தைப் பிரித்த அன்று உறையிலிருந்து இரண்டு கம்பு மணி உதிர்ந்தது என்று பஸ்ஸில் நீ சொல்லியிருந்தாய்; அது அவருக்கு நினைவு வந்திருக்கும்.

மறுநாள் நீ வந்தாய். "ஏலே, அதை ஏன் எழுதுனே?"

"உள்ளேயிருந்துதான் வில்லன் வேணும்னே. காரணமும் வேணும்னே. ரெண்டையும் குடுத்திருக்கேன்."

"அண்ணன் தனியாப் போகச் சொல்லிட்டாக."

"செஞ்சது நீ. நான் எழுதுனேன், அவ்வளவுதான்."

நீ மேசையில் கிடந்த உன் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாய்.

தொண்ணூறுகள் முழுவதும் உன்னை எதிரே கண்டால் ரோட்டைக் கடந்துவிடுவேன். நீயாகவே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும் என்ற வாதத்தை இன்றுவரை விடவில்லை. அது சரியான வாதம்தான். ஆனால் உன் அண்ணனுக்கு உண்மை தெரியட்டும் என்றா எழுதினேன்? என் எழுத்தை ஒருவராவது பேச வேண்டும் என்று எழுதினேன். பேசினார்கள். உன் அண்ணன் உன் வாசலை மிதித்தது நீ செத்த அன்றுதான். நான் தெருமுனையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பெட்டியின் அடியில் நான் பார்த்திராத ஒரு தாள் கிடந்தது. மழை வீரன் ஒரு பாறையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஐவரில் இன்னொருவன் நிற்கிறான். அவனுக்கு என் தடித்த மூக்குக்கண்ணாடியைப் போட்டுவிட்டிருக்கிறாய். அவன் வாயருகே ஒரு வெற்றுப் பலூன். இவ்வளவு சின்னப் பலூனை நீ எனக்கு விட்டதே இல்லை.

பென்சிலால் "நீ அன்றைக்கே" என்று தொடங்கினேன். இரண்டாவது சொல்லிலேயே பலூனின் விளிம்பைத் தாண்டிவிட்டது. அழித்தேன். வேறொரு நியாயம் எழுதினேன். அதுவும் கொள்ளவில்லை. அழித்து அழித்துக் கட்டங்கள் மங்கிப்போயின.

கடைசியில் மையால் எழுதினேன். "மன்னிச்சிருலே." தாள் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. எழுதிய பிறகும் அந்தப் பலூனில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.