காசியோபியா ராணியும் நம் வீட்டு மகாராணியும்

அன்பு மகள் ஜெசிகாவுக்கு,

சாந்தோம் மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம், மூட்டுவலியும் எங்களோடு சுகமாக இருக்கிறது, நார்வே குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது. ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். அது அம்மா யோசனை, ஃபோன்ல சொன்னா அவ கட் பண்ணிடுவா, உங்க கையெழுத்தைப் பார்த்தா கரைஞ்சிடுவா என்று பேனாவைக் கையில் கொடுத்துவிட்டுப் பாண்டி பஜாருக்குப் புடவை எடுக்கப் போயிருக்கிறாள். என்ன எழுதச் சொன்னாள் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

போன வாரம் நீ காசியோபியா கதை சொன்னாய் அல்லவா, அன்றைக்கே ஜெபமாலை முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் வடக்கே பார்த்தேன். ஊர் வெளிச்சத்தில் ஐந்து நட்சத்திரத்தில் மூன்றுதான் தெரிந்தன, மற்ற இரண்டையும் உன்னை நம்பி ஒப்புக்கொண்டேன். என் மகள் கடல் கன்னிகளை விட அழகி என்று அந்த ராணி பீற்றிக்கொண்டதற்கு, மகளைக் கடல் பூதத்துக்கு இரையாகப் பாறையில் கட்டினார்கள், ராணியை நாற்காலியோடு வானத்தில் சுற்ற விட்டார்கள், பாதி நேரம் தலைகீழாக என்றாய். கிரேக்கர்கள் கெட்டிக்காரர்கள், உன் அம்மாவைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நம் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் இந்த மாதம் நம் வீட்டில்தான் நடந்தது. ஜெபம் முடிந்து பஜ்ஜி வந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். எங்க ஜெசி மூக்குக்கும் முழிக்கும் இந்தக் கோயில் பங்குல யாரு இருக்கா என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பாடகர் குழுப் பெண்களின் அம்மாக்கள். அதில் ஒருத்தி, அவ்ளோ அழகுன்னா கிறிஸ்மஸுக்கு இட்டாந்து காமியேன், பாக்கலாம் என்றாள். அம்மா சும்மா இருப்பாளா, வருவா, வந்ததும் கல்யாண அறிவிப்பு ஓலையும் கோயில்ல வாசிப்போம் என்று சொல்லி, அந்த வேகத்திலேயே தேனாம்பேட்டை ஆரோக்கியநாதனுக்கு ஃபோன் போட்டு அவர் மகன் கிளிஃபர்டை உனக்குப் பேசி முடித்துவிட்டாள். நீ இப்போது கல்யாணம் வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாய் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. வீம்பு அவளுடையது, கடல் பூதத்துக்காகப் பாறையில் நிற்க வேண்டியது நீ. கிளிஃபர்டைப் பூதம் என்று சொல்லக் கூடாது, பாவம், மரியாதையான பையன், ஞாயிற்றுக்கிழமை வந்து தட்டில் இருந்த முறுக்கை முழுவதும் தீர்த்துவிட்டுத் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

ராணி வாயாடினாள், சரி, மகளைச் சங்கிலி போட்டுக் கட்டியது யார் என்று உன்னிடம் கேட்டேன். ராணியின் புருஷன் ராஜா செபியஸ்தான் என்றாய். அவருக்கும் ராணி பக்கத்திலேயே இடம் உண்டு, ஆனால் மங்கல், தேடினாலும் சுலபமாகத் தெரியாது என்றாய். மாடியில் அவரையும்தான் தேடினேன், கிடைக்கவில்லை, நம் வீட்டில் சங்கிலி யார் கையில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினேன்.

அம்மா எழுதச் சொன்னது இதுதான். அப்பாவுக்கு நெஞ்சு படபடப்பு, டாக்டர் பயப்படுகிறார், உடனே புறப்பட்டு வா. இதைப் படித்தால் ஆராய்ச்சியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் நெஞ்சு நன்றாக இருக்கிறது. அவள் புடவைக் கடைக்குள் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வருவாள், அந்தத் தைரியத்தில் தேனாம்பேட்டைக்குப் போய், என் மகளுக்கு இப்போது இஷ்டமில்லை, ஓலை கொடுக்க வேண்டாம் என்று ஆரோக்கியநாதனிடம் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அவர் முகம் சுருங்கியது. கிளிஃபர்ட் மட்டும் கேட் வரை வந்து, தேங்க்ஸ் அங்கிள் என்று மெதுவாகச் சொன்னான், அவனையும் யாரோ கட்டித்தான் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. புடவைப் பையோடு வந்ததும் சொல்ல வேண்டும், எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு. அவளிடம் கோபப்படாதே, பீற்றிக்கொள்ள அவளுக்கு நீ ஒருத்திதான்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, மாதா துணை இருக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கிறிஸ்மஸுக்கு வர வேண்டாம், படிப்பை முடி. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு வளவளத்தேன், ஏனென்றால் நீ வந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை அம்மாவை விட எனக்குத்தான் அதிகம்.

உன் அப்பா,
துரைராஜ்