பதினோராம் பெட்டியின் குறுக்குப்பின்

பரந்தன்
08.02.2024

அன்புள்ள சிவகரன் அண்ணைக்கு,

நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. நீங்களும் தாட்சாயினி அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

விசாரணை முடியும்வரை கம்பனி நமது ஃபோன்களை வாங்கி வைத்திருப்பதால் எழுதுகிறேன். சந்திக் கடை ஃபோனிலிருந்து அக்காவின் நம்பருக்கு அடித்தேன். நீங்கள் குளிக்கிறீர்கள் என்றா. பிறகு அடித்தேன், படுத்துவிட்டீர்கள் என்றா.

என்னை வேலையிலிருந்து இடைநிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்துக்குக் கல் ஏற்றும் எங்கள் ரயிலில் பதினோராம் பெட்டிக்கும் பன்னிரண்டாம் பெட்டிக்கும் இடையே குறுக்குப்பின் இருக்கவில்லையாம். “பெட்டியளைக் கொழுவுற கொளுக்கி குலுக்கத்தில எழும்பாமல் மறிக்கிறது அந்தப் பின் ஒண்டுதான். அதைப் போடுறது உம்மட வேலைதானே?” என்று விசாரணைக்கு வந்த ஐயா கேட்டார். போட்டேன் என்றேன். சாட்சி யார் என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன்.

அண்ணை, அன்று விடிய மாங்குளம் ரயில் யாட்டில் அந்தப் பின்னைச் செருகி நுனியை வளைத்தது என் கை. நீங்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்து, “சரி தம்பி, அடுத்ததுக்குப் போ” என்றீர்கள். இருபத்தாறாம் திகதி விசாரணையில் அதை மட்டும் சொல்லுங்கள்.

சிவரூபியின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் நாலாம் வீட்டுப் பிள்ளை. தையல் வேலைக்குச் சைக்கிளில் போனவள். எஞ்சினும் பெட்டிகளும் கடந்துபோனதைப் பார்த்துவிட்டுத்தான் தண்டவாளத்தில் ஏறினாள். கழன்ற மூன்று பெட்டிகள் பின்னால் சத்தமில்லாமல் உருண்டு வருமென்று யார் நினைப்பார்கள்?

நீங்கள் முன்னின்று எனக்குக் கட்டி வைத்த வீரம்மா உங்களைக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உங்கள் தம்பி,
பழனியாண்டி


வவுனியா
13.02.2024

அன்புத் தம்பி பழனியாண்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் இருக்கும்போது நீ ஏன் பயப்படுகிறாய்? ஆறு வருடத்துக்கு முன்னால் உன்னைக் கையைப் பிடித்து இந்த வேலைக்குக் கூட்டி வந்தவன் நான். உன் கலியாணத்தில் தகப்பன் இடத்தில் நின்றவன். இப்போது விட்டுவிடுவேனா?

வெயில் தொடங்கிவிட்டது. மூத்தவளுக்கு மே மாதம் பள்ளிச் சோதனை, வீட்டில் ஒரே பதற்றம். அக்கா உனக்குக் கூழ் காய்ச்சவென்று ஒடியல் மா எடுத்து வைத்திருக்கிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். நீ பின் போட்டு முடித்துத் தேத்தண்ணி குடிக்கப் போன பிறகு பெட்டிகளின் பக்கம் யாரும் போனதாக யாராவது சொன்னார்களா? சும்மா கேட்கிறேன். விசாரணையில் எதையெதைக் கேட்பார்களோ தெரியாது.

வீணாக யோசிக்காமல் நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்,
சிவகரன்


பரந்தன்
18.02.2024

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் எழுத்தைக் கண்ட பிறகுதான் சோறு இறங்கியது. பெட்டிகளின் பக்கம் யாரும் போனதாக ஒருவரும் சொல்லவில்லை. நானும் காணவில்லை.

நேற்று ஆசுபத்திரிக்குப் போனேன். சிவரூபியின் தாய் மீனம்மா வாசலிலேயே மறித்துவிட்டா. “உன்ர கை செருகாமல் விட்ட இரும்பு என்ர பிள்ளையின்ர காலைத் திண்டிட்டுது. இனி இந்தப் பக்கம் வராதை” என்றா. என் அம்மா செத்த அன்று எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தவ அவ. நான் கொண்டுபோன தோடம்பழப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வேலை போனாலும் கூலிக்குப் போய்ப் பிழைப்பேன், அண்ணை. அந்த ஒழுங்கையால் எப்படி நடப்பது? தண்ணி அள்ளப் போனால் வீரம்மாவோடு ஒருவரும் கதைப்பதில்லை.

இருபத்தாறு திங்கட்கிழமை. வந்துவிடுவீர்கள்தானே?

தம்பி,
பழனியாண்டி


வவுனியா
22.02.2024

தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். கம்பனிப் பெரியவர்களோடு கதைத்தேன். நீ பின் போட்டேன் என்றே நின்றால் விசாரணை நீளும். நீண்டால் கம்பனி, அந்தப் பிள்ளை பார்க்காமல் கடந்தது என்று அவள் மேலே பழியைப் போடும். பிறகு அவளுக்கு ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

“பின் போட்டது நிச்சயமாக ஞாபகமில்லை” என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்துவிடு. உனக்கு ஒரு எச்சரிக்கையோடு முடியும். பிள்ளைக்குக் கம்பனியே செயற்கைக் கால் போட்டுக் கொடுக்கும். எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நல்ல மனம் உள்ளவன் நீ. யோசித்துப் பார். என்னை நம்பு.

சிவகரன்


பரந்தன்
05.03.2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் சொன்னபடி கையெழுத்து வைத்தேன். சிவரூபியின் காலுக்காக வைத்தேன். நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள். ஒருக்கால் நிமிர்ந்து பார்ப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

இன்று கடிதம் வந்தது. எச்சரிக்கை இல்லை, வேலை நீக்கம். சிங்களத்தில் இருந்ததால் கந்தோரில் கிளார்க் வேலை செய்யும் சதீஸிடம் கொண்டுபோனேன். அவன் வாசித்துக்கொண்டு வந்தவன் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

“பின் இல்லையெண்டு சிவகரன் உங்களுக்குச் சொன்னவராம். நீங்கள் போடுறன் எண்டிட்டுப் போடாமல் போனீங்களாம். அவரே கையெழுத்து வைச்சிருக்கிறார், அண்ணை.”

திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். மூன்றாம் தரமும் கேட்டேன். “எத்தினை தரம் வாசிச்சாலும் அதுதான் இருக்கு” என்றான்.

செயற்கைக் காலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அண்ணை, சதீஸ் பிழையாக வாசித்திருப்பானோ? சிங்களம் அவனுக்கு அவ்வளவு சரியாக வராது என்பார்கள். ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுதுங்கள், போதும்.

பழனியாண்டி


வவுனியா
24.03.2024

தம்பி,

சதீஸ் சரியாகத்தான் வாசித்திருக்கிறான்.

போன கிழமை உன்னிடம் சொல்லத்தான் பஸ் ஏறினேன். பரந்தன் சந்தியில் இறங்கி அரை மணித்தியாலம் நின்றுவிட்டு, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். எழுதுவது கொஞ்சம் லேசு.

நீ பின் போட்டாய். நான் தட்டிப் பார்த்தேன். நீ தேத்தண்ணிக்குப் போன பிறகு, பெரியவர்கள் பார்வையிட வரும் பெட்டியில் ஒரு பின் குறைவதைக் கண்டேன். ஸ்டோர் பூட்டியிருந்தது. கிட்ட இருந்தது பதினோராம் பெட்டி. அதிலிருந்து கழற்றி அங்கே போட்டேன். ஸ்டோர் திறந்ததும் வேறொன்று எடுத்துப் போடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பெரியவர்கள் கூப்பிட்டார்கள். கல் பெட்டிகள் புறப்பட்டபோது கொடி காட்டியதும் நான்தான். சிவரூபியின் செய்தி வந்த பிறகுதான் என் கை எதைச் செய்தது என்பது ஞாபகம் வந்தது.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வேலை போய், வழக்கும் வந்தால் அவர்களுக்கு என்ன கதி? நீ இளம் ஆள், எழும்பிவிடுவாய் என்று நினைத்தேன். செயற்கைக் கால் கதையை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதினேன். அப்படி எழுதினால் நீ கையெழுத்து வைப்பாய் என்று எனக்குத் தெரியும்.

மச்சானின் அரிசி ஆலையில் உனக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறேன். குடும்பத்தோடு இங்கே வந்துவிடு. வாசித்ததும் இதைக் கிழித்துவிடு. அண்ணன் என்று ஒருநாள் நினைத்தவனுக்காக இதைச் செய்.

சிவகரன்


பரந்தன்
31.03.2024

திரு. சிவகரன் அவர்களுக்கு,

கடிதம் வந்து இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வீரம்மாவுக்கும் காட்டவில்லை. நீங்கள் பின்னைக் கழற்றியதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. அந்த அவசரத்தில் நானும் கழற்றியிருப்பேனோ என்னவோ. ஆனால் சிவரூபியின் காலைக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினீர்களே, அதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் விளங்கவில்லை.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். மீனம்மா கதவைச் சாத்தப் போனா. “ஒரு கடிதம் இருக்கு. வாசிச்சுப்போட்டுச் சாத்துங்கோ” என்றேன். அவவுக்கு வாசிக்க வராது. உள்ளேயிருந்து சிவரூபி, “வரட்டும், அம்மா” என்றாள்.

கட்டிலில் இருந்தபடி அவளே வாசித்தாள், முதலில் தனக்குள்ளே, பிறகு தாய்க்குக் கேட்கிற மாதிரி. மீனம்மா நிலத்தில் குந்திவிட்டா. ஒருவரும் அழவில்லை.

“அந்தப் பின் எவ்வளவு பெரிசு, அண்ணை?” என்று சிவரூபி கேட்டாள். சுண்டு விரலை நீட்டிக் காட்டினேன். இதைவிடக் கொஞ்சம் நீளம் என்றேன்.

அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இந்தக் கடிதத்தை நான் வைச்சிருக்கலாமோ?” என்றாள்.

கொடுத்துவிட்டேன். பொலிசுக்குக் கொடுப்பாளோ, கம்பனிக்குக் காட்டுவாளோ, அடுப்பில் போடுவாளோ, நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். யாரும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நடந்ததைச் சொல்லுவேன். வெளிக்கிடும்போது மீனம்மா, “இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றா. குடித்தேன்.

அரிசி ஆலைக்கு நான் வரவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம். உங்களிடமிருந்து வந்த மூன்று கடிதத்தில் உண்மை இருந்தது ஒன்றில்தான். அது இப்போது என்னிடம் இல்லை.

பழனியாண்டி