கூட்டமான நேரம்

மார்ச் 3

மூலைக்கடைக்குச் சாப்பிடப் போனோம். "முதல்ல அவங்களுக்கு வைங்க தம்பி" என்று என்னைக் காட்டிச் சர்வரிடம் சொன்னார் என் வீட்டுக்காரர். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட நகர்த்திக் கொடுக்காத மனுஷன். பக்கத்து மேசைக்காரி தன் கணவனை முழங்கையால் இடித்தாள், பார்த்துக் கற்றுக்கொள் என்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. சர்வர் நிற்கும்போதே, "அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். "அதுக்கென்ன, போய்ட்டு வா." வீட்டில் கேட்டிருந்தால் தட்டு பறந்திருக்கும். இனி எதைக் கேட்பதானாலும் அங்கேதான்.

மார்ச் 9

பால் பொங்கி வழிந்ததற்கு அறைந்தார். இடது காதில் இன்னும் இரைச்சல்.

மார்ச் 15

கண் மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. வருகிறவர்களின் பெயரைப் பதிந்து உள்ளே அனுப்ப வேண்டும். ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார்கள். வேலை என்று பேச்செடுத்தாலே அவருக்குக் கை நீளும் — எந்தத் தைரியத்தில் சரி என்றேன்? அக்கா போனில், "வீட்ல சொல்லாத. உன் கடையிலயே சொல்லு. ஞாயித்துக்கிழமை மத்தியானம், நல்ல கூட்டத்துல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 18

பொறுக்கமாட்டாமல் இன்றே சொல்லிவிடலாம் என்று கடைக்கு அழைத்துப் போனேன். மழை. உள்ளே ஈ காக்கை இல்லை. கொஞ்சம் தண்ணீர் சிந்தியதற்கு அதே சர்வரை, அந்தத் தம்பியை, "கண்ணு தெரியல உனக்கு?" என்று அதட்டினார். வீட்டில் கேட்கும் அதே குரல். சாப்பிட்டுவிட்டு, வேலையைப் பற்றிச் சொல்லாமலே வந்தேன். நான் இத்தனை நாள் நம்பியது கடையை இல்லை, முன்பின் தெரியாத நாலு பேரை.

மார்ச் 22

சொல்லிவிட்டேன். நாற்காலிக்குப் பின்னால் ஆட்கள் இடத்துக்காகக் காத்து நின்றார்கள், அவ்வளவு கூட்டம். "ரொம்ப நல்ல விஷயம்" என்றார், நாலு பேருக்குக் கேட்கும்படி. பிறகு குனிந்து, "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்." முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. ஒரு காபி சொன்னேன். குடித்துவிட்டு இன்னொன்று சொன்னேன். "எழுந்திரு, ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். எங்கிருந்துதான் வந்ததோ — "வீட்டுக்கு வர பயமா இருக்கு. அடிப்பீங்க" என்று உரக்கவே சொன்னேன். எல்லோரும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவுதான், என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கள் இடத்துக்காகக் குழந்தையோடு வெகுநேரமாக நின்றிருந்த பெண்தான் வாய் திறந்தாள். "நாங்க நிக்கிறோம். நீங்க உக்காருங்க." நகரவும் இல்லை. அவர் பில்லை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனார். அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா வந்து கூட்டிப்போகும்வரை அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 11

அக்கா வீடு. இன்றும் மருத்துவமனையில் நல்ல கூட்டம். ஒருவர் மனைவியைத் தோளில் கைவைத்து அழைத்துவந்தார். "மெதுவா வாம்மா" என்று அவ்வளவு கனிவு. கதவில் இடித்துக்கொண்டாளாம், கண் வீங்கியிருந்தது. வரிசையில் இருந்தவர்கள் அவரை மெச்சிக்கொண்டார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பரிசோதனைக்கு ஒருத்தர் மட்டும்தான் உள்ள வரணும் சார், நீங்க வெளிய இருங்க" என்றேன். அப்படி ஒரு விதி எங்களிடம் கிடையாது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்தபடியே போய் உட்கார்ந்தார்.

உள்ளே அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வெளியே வரிசை நீண்டது. நான் அவசரப்படுத்தவில்லை.