பதினேழு வளைவுகளும் ஒரு படிவமும்

பிப்ரவரி 4, 2025

இன்று பதினொரு பேரிடம் பேசினேன். பதினொரு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

குடல் அழற்சி நோய் என்று புதிதாகத் தெரியவந்தவர்களை இந்தப் பள்ளத்தாக்கில் தேடிப் பிடித்து, பத்தாண்டுகள் பின்தொடரும் ஆராய்ச்சி இது. மூன்றாம் ஆண்டு நடக்கிறது. நூற்று முப்பத்தெட்டுப் பேர். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மலம் போகிறது, ரத்தம் உண்டா, எடை என்ன என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் கேட்பது என் வேலை. முகம் தெரியாத ஒருத்தி என்னிடம் இதைக் கேட்டால் நானும் நன்றாகத்தான் இருப்பேன்.

பிப்ரவரி 6

எண் 71. பொட்டிப்புரம் நாகஜோதி, வயது முப்பத்தொன்று, பெருங்குடலில் புண். போடிமெட்டு மலைப்பாதையின் பதினேழு வளைவுகளையும் ஏறி ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறவள். வழக்கம்போல் கணவர் சுருளிராஜன் போனை எடுத்தார்.

"அவ தோட்டத்துக்குப் போயிருக்கா. கேளுங்க, நான் சொல்லுறேன்."

அவளுடைய குடலைப் பற்றி இவரிடமா? இருந்தாலும் கேட்டேன்.

"ஒரு தடவதான். காலையிலதான் சொன்னா."

"ரத்தம்?"

"அதெல்லாம் இல்ல."

"எடை?"

"போன தடவ என்ன எழுதுனீகளோ அதையே போட்டுக்கிருங்க."

போட்டேன். விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது. சென்ற முறை ஏழு தடவை, இப்போது ஒன்று. 'நோய் தணிந்தது' என்ற பச்சைக் கட்டத்துக்குள் போய்விட்டாள்.

பிப்ரவரி 19

சென்னையிலிருந்து தலைமை மருத்துவர் பேசினார். நம் பகுதியில் எண்பத்தொரு சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருக்கிறதாம். வேறெங்கும் இப்படி இல்லையாம். மாநாட்டில் கட்டுரை வாசிக்கப்போகிறார்.

"அருள்செல்வி, அவங்க அங்க அப்படி என்னதான் சாப்பிடறாங்க?"

விசாரிக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 20

உணவுப் படிவம் வந்துவிட்டது. பத்துப் பக்கம். வாரத்துக்கு எத்தனை கரண்டி ஆலிவ் எண்ணெய் என்பது மூன்றாவது கேள்வி.

பிப்ரவரி 27

படிவத்தையும் எடை பார்க்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு பொட்டிப்புரம் போனேன். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடையப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து இந்த ஊரில் ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. "மலையக் கொடயவா வந்திருக்கீக?" என்றார் டீக்கடையில் ஒருவர். இல்லை, வயிற்றைப் பற்றிக் கேட்க என்றேன். "அதுக்கு அதுவே தேவல" என்று டீயைக் குடித்தார்.

பெண்களை இறக்கிவிட்டு ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார் ஓட்டுநர் அய்யாத்துரை. அவரிடம் நாகஜோதியின் வீட்டுக்கு வழி கேட்டேன்.

"அந்தப் புள்ளயா? முன்னயெல்லாம் மேல போறதுக்குள்ள மூணு எடத்துல நிறுத்தச் சொல்லும். மத்த பொம்பளைக வைவாக. லேட்டாப் போனா அர நாள் வேல போச்சுல்ல? அதுலயும் ராக்கம்மா வாய் இருக்கே! இப்ப ரெண்டு மாசமா நிறுத்தவே சொல்லுறதில்ல."

"குணமாகிவிட்டதா?"

"குணமா? மொத நா மத்தியானத்தோட சோத்த நிறுத்திக்கிருது. வயித்துல ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு எறங்கணும்? போன வாரம் எட்டாவது வளைவுல மயங்கி ராக்கம்மா மடியிலயே சாஞ்சிருச்சு."

கையில் உணவுப் படிவத்தோடு நின்றேன்.

பெயர் பதிந்த அன்று நாகஜோதி நாற்பத்தொன்பது கிலோ. இன்று நாற்பது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எத்தன தடவன்னுதானக்கா கேட்டீக? ஒரு தடவதான். ரத்தத்தப் பத்தி அவருகிட்ட எப்பிடிச் சொல்ல?"

"மாத்திரை?"

"சாப்பாட்டுக்குப் பெறகுன்னு எழுதிக் குடுத்தாக. சாப்பாடே இல்லையே."

எதிலும் குற்றம் சொல்ல முடியவில்லை. சொன்னபடிதான் நடந்திருக்கிறாள்.

பிப்ரவரி 28

தேனிக்குக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது, ஏற்றுகிறார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் குடலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். சுருளிராஜன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நிற்கிறார். அவரைத் திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோட? ஒண்ணுன்னு சொன்னதும் சந்தோஷமா டிக் அடிச்சவ யாரு? மூணு வருஷமா நான் என்னத்தக் கிழிச்சேன்?

மார்ச் 3

எண் 71-ஐப் பச்சைக் கட்டத்திலிருந்து எடுக்க மென்பொருள் மறுக்கிறது. பதிந்ததைத் திருத்த மேலிடத்து அனுமதி வேண்டுமாம். விண்ணப்பித்தேன்.

மார்ச் 31

நாகஜோதி இன்று வேலைக்குப் போனாள். ஆறாவது வளைவில் ஒரு டீக்கடை, பின்னால் கழிப்பறை. இனி அங்கே தினமும் பத்து நிமிடம் நிற்பது, அதற்காகக் கால்மணி முன்னதாகக் கிளம்புவது என்று அய்யாத்துரை முடிவு செய்திருந்தார். சாயங்காலம் போன் செய்தார்.

"மொத ஆளா எறங்குனது யாருன்னு நெனைக்கிறீக? ராக்கம்மா! பின்னாலயே அம்புட்டுப் பேரும் போயிட்டாக. நாகஜோதி வரிசையில கடேசி."

இத்தனை வருடமும் ஜீப் முழுக்க அடக்கிக்கொண்டுதான் மலையேறியிருக்கிறது. இதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

ஏப்ரல் 29

போனில் கேட்பதை விட்டுவிட்டேன். எடைக் கருவியோடு வீடு வீடாகப் போகிறேன். முதல் கேள்வி: நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? எண்பத்தொரு சதவீதம் ஐம்பத்தாறாகிவிட்டது.

"உங்க ஏரியால என்னம்மா ஆச்சு? எல்லாருக்கும் திடீர்னு மோசமாயிடுச்சா?" என்றார் தலைமை மருத்துவர்.

"இல்லை சார். நேரில் போய்க் கேட்டேன்."

கட்டுரை மாநாட்டுக்குப் போகவில்லை. என்னோடு அவர் பேசுவதும் குறைந்திருக்கிறது.

மே 14

நாகஜோதி அவளாகவே போன் செய்தாள். முதல் முறை.

"அக்கா, எழுதிக்கிருங்க. நாலு தடவ. ரத்தம் இல்ல. எட நாப்பத்து நாலர. ராத்திரி மூணு தோச, காலையில ஜீப்புல வச்சு ரெண்டு இட்லி. ராக்கம்மாக்கா சட்னி குடுத்தாக, ஒரே காரம்."

பதிந்தேன். திருத்த அனுமதி இன்னும் வராததால், மென்பொருள் பழைய 'ஒரு தடவை'யோடு இந்த நாலை ஒப்பிட்டுச் சிவப்பைக் காட்டியது. 'நிலை மோசமடைந்துள்ளது. காரணம் எழுதுக.'

எழுதினேன்: சாப்பிடுகிறாள்.