டிம்மில் ஐந்து மரம்

ஜனவரி 8, திங்கள்

கடும் பனி. கார் முன்கண்ணாடியை மூன்று தடவை துடைத்தேன். பேட்டரிக்குத் தண்ணீர் வாங்க வேண்டும். இடது பின் டயரில் காற்று குறைவு.

முதலாளி காலையில் கூப்பிட்டார். (இனி மு. என்று எழுதினால் போதும், டிரிப் ஷீட்டில் எழுதுகிற மாதிரி.)

"சவரி, புது வண்டி எடுக்கப் போறேன். ஜீப் மாதிரி உசரமா, ஏழு பேரு உக்கார்ற மாதிரி. கலரை ஆச்சி பாத்துக்கிருவாக. லைட்டை மட்டும் நீ பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

தைப்பூசத்துக்கு முன் வண்டி வீட்டுக்கு வர வேண்டும் என்று அவர் மனைவி ஆச்சியும் சொன்னார்களாம். அவர் தம்பி குடும்பம் பழனிக்கு நடக்கிறது. அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு ராத்திரியெல்லாம் பின்னாலேயே போக வேண்டும். ஓட்ட வேண்டியது நான்.

நாளையோடு ஒரு வருஷம். குன்றக்குடி ரோட்டில், இருட்டின பிறகு, பழனிக்கு நடந்துகொண்டிருந்த டெய்லர் கருப்பையாவைப் பழைய வேனால் இடித்தேன். ஓரமாகத்தான் போயிருக்கிறார். கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. முதலில் சத்தம்தான் கேட்டது. வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் கேட்டார்கள். லைட் போதாது என்றேன். மு.வும் அதையே எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட வண்டி ஏற்றாதவன் என்று கோட்டையூரே எனக்காகப் பேசியது. கருப்பையாவும்தான். மாதம் ஒரு தடவை அவர் கடைக்குப் போய் உட்காருவேன். "லைட்டு இல்லாத வண்டியக் குடுத்து ஓட்டுன்னா நீங்க என்ன செய்வீக?" என்பார். டீ வாங்கித் தருவார். அந்த டீ இறங்காது.

அதற்குப் பிறகு இரவு ஓட்டம் இல்லை. மு.வே வேண்டாம் என்றார். வேனையும் விற்றாயிற்று. நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 10, புதன்

மதுரை. ஷோரூம் ஏ.சி.யில் மூக்கடைப்பு.

டை கட்டிய விற்பனைக்காரர் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக் காட்டினார். "ஹாலஜன் சார்." பன்னிரண்டு மணி வெயிலில் நான் எதைப் பார்ப்பது? பின் சீட்டை மடித்துக் காட்டினார். டேப் ரெக்கார்டரில் பாட்டுப் போட்டார். லைட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது எரியும் என்பது மட்டும். கேட்டதற்கெல்லாம் "கம்பெனி ஃபிட்டிங் சார்."

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எழுதியது. பார்க்க வேண்டியவை:

- எஞ்சின் மெதுவாக ஓடும்போது வெளிச்சம் மங்குகிறதா.
- டிம்மில் இடது ஓரம். நடக்கிறவன் அங்கேதான் இருப்பான். இதுதான் முக்கியம். இது சரியில்லை என்றால் மற்றது எதுவும் வேண்டாம்.
- டிம்மிலிருந்து பிரைட்டுக்குத் தட்டும்போது நடுவில் ஒரு நொடி இருட்டாகிறதா.
- ஏழு பேரை ஏற்றினால் மூக்கு தூக்கி, வெளிச்சம் ரோட்டை விட்டு மரக்கிளைக்குப் போய்விடுகிறதா.
- விளக்குக் கண்ணாடிக்குள் நீர் கோத்திருக்கிறதா.

நாலு மணிக்குள் கிளம்ப வேண்டும் என்று மு.வை விரட்டினேன். "என்னப்பா, பொண்ணு அழைக்கவா போறோம்?" என்றார். ஆறுக்குள் கோட்டையூர் வந்து சேர்ந்தோம். வெளிச்சம் இருந்தது.

ஜனவரி 12, வெள்ளி

மேகம், மழை இல்லை. பெட்ரோல் பங்கில் நம் பழைய வேன். வாங்கியவர் பள்ளத்தூரில் செங்கல் சூளை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் குறை சொல்ல ஆரம்பித்தார். சீட்டு கிழிசல், கியர் இறுக்கம், பின்கதவு பூட்டவில்லை.

"ஆனா லைட்டை மட்டும் குறை சொல்லக் கூடாதுண்ணே. ரோடு அப்பிடித் தெரியுது."

"பல்ப் மாத்துனீகளா?"

"எதுக்கு? நீங்க குடுத்தப்ப இருந்ததுதான்."

அன்றைக்கு இடித்ததில் இடது பக்கக் கண்ணாடியும் இண்டிகேட்டரும்தான் உடைந்தன. விளக்கு இரண்டும் அப்படியேதான் இருந்தன. நானும் மாற்றவில்லை.

காற்றுப் பிடிக்கிற இடத்தில் யாரோ யாரிடமோ, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சிரித்தார்கள். யாரோ வீட்டு மருமகள் சமையல் பேச்சு. எனக்கு ஏன் காது சுட்டது?

செங்கல் ஏற்றுகிறவனுக்கு லைட்டைப் பற்றி என்ன தெரியும்.

ஜனவரி 13, சனி

மதுரைக்காரர்கள் சாயங்காலம் ஒரு வண்டியைக் காட்ட எடுத்து வந்தார்கள். இருட்டட்டும் என்று காத்திருந்தோம். ஆச்சி எல்லோருக்கும் பணியாரம் கொடுத்தனுப்பினார்கள். சூடாக நாலு தின்றேன்.

முதலில் மதில் பார்வை. மு. வீட்டுப் பின்மதில் உயரம், சுண்ணாம்பு வெள்ளை. இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கு உயரத்துக்குக் கரிக்கட்டியால் கோடு போட்டேன். டிம்மில் வெளிச்சம் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. இடது பக்கம் மட்டும் லேசாக ஏறுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். மதிலில் ஒரு குறையும் இல்லை.

பிறகு குன்றக்குடி ரோடு. அங்கே புளியமரத்துக்கெல்லாம் வெள்ளைப் பட்டை அடித்து எண் எழுதியிருக்கிறார்கள். வண்டியை ஓரங்கட்டி, எத்தனை பட்டை தெரிகிறது என்று எண்ணுவது என் வழக்கம். எந்தக் கம்பெனிக்காரனும் இதில் ஏமாற்ற முடியாது.

டிம்மில் ஐந்து மரம். பிரைட்டில் ஏழு.

பழைய வேனிலும் ஐந்து, ஏழு.

போதாது என்று சொல்லிவிட்டேன். வந்தவருக்குக் கோபம். "இதுக்கு மேல வேணும்னா கலங்கரை விளக்கத்தைத்தான் வாங்கணும்" என்றார். மு. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு கம்பெனி வண்டியைப் பார்ப்போம் என்றேன். திரும்பும்போது வந்தவரையே ஓட்டச் சொன்னேன். அவர் வண்டி, அவர் ஓட்டட்டும்.

அவர் சர்ரென்று வந்தார். வீடு வரும் வரை நான் கதவுப் பிடியை விடவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கோயிலில் பூசை முடிந்து, பங்குச்சாமியார் பானைகளை மந்திரித்தார். கரும்பு இந்த வருஷம் உப்புக் கரிக்கிறது.

அந்தி நேரத்தில் வாசலில் இருந்த வெண்கலப் பானையில் காலை இடித்தேன். பொங்கல் மண்ணில். புஷ்பம் அள்ளிக்கொண்டே, "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்றாள். எந்தப் பெண்டாட்டியும் சொல்வதுதான். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். சுவரைத் தடவிக்கொண்டுதான் போனேன்.

அம்மாவும் அப்படித்தான் போவாள். விளக்கு வைத்த பிறகு அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். மாலைக்கண் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "இருட்டு எனக்குப் பிடிக்காதுப்பா" என்பாள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்?

பெருவிரல் வீங்கியிருக்கிறது. விளக்கெண்ணெய்.

ஜனவரி 18, வியாழன்

இரண்டாவது கம்பெனி வண்டி. மதில் பார்வை சரி. மங்கவில்லை, தட்டினால் இருட்டு விழவில்லை. ரோட்டுக்குக் கிளம்பும்போது ஆச்சி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். "உக்காந்து பாக்காம கலரை மட்டும் வச்சு என்ன செய்ய?" மு. பின்னால், கம்பெனிக்காரர் பின்னால். ஓட்டியது நான். இருபதுக்கு மேல் போகவில்லை.

புளியமர வரிசையில் நிறுத்தினேன். டிம்.

"என்ன எண்ணுறீக சவரி?"

"மரம் ஆச்சி. வெள்ளைப் பட்டை எத்தனை தெரியுதுன்னு."

ஆச்சிக்கு அறுபது வயது. மூக்குக் கண்ணாடி. முந்தானையால் அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்கள். "அறுபத்தி நாலு, அறுபத்தி அஞ்சு, அறுபத்தி ஆறு..." எண்ணை வாசிக்கிறார்கள். மரத்தில் எழுதிய எண்ணை. எனக்குப் பட்டையே ஐந்தோடு முடிந்துவிட்டது. ஆச்சி எழுபதைத் தாண்டினார்கள். "அதுக்கு மேல நம்பரு தெரியல. பட்டை மட்டும் தெரியுது. மொத்தம் பதினொண்ணு."

பிறகு, "அங்குட்டு ஒரு ஆளு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றாரு. பிரைட் போட்டுறாதீக, பாவம், கண்ணு கூசும்."

எனக்கு ரோடு காலி. மனசுக்குள் எண்ணினேன். முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டேன், அப்புறம்தான் ஒரு சக்கரம் வந்தது, ஒரு வேட்டி வந்தது, ஒரு முகம் வந்தது.

"நீங்க எத்தனை மரம் பாத்தீக?" என்றார்கள் ஆச்சி.

"பதினொண்ணுதான் ஆச்சி."

என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லைட் நல்லா இருக்கு, எடுக்கலாம் என்று மு.விடம் சொன்னேன். திரும்பும்போது கம்பெனிக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 19, வெள்ளி

பனி. ஒரு வேலையும் ஓடவில்லை. காரைக் கழுவினேன், கழுவினதையே மறுபடி கழுவினேன்.

அப்படியென்றால் அன்றைக்கும் வெளிச்சம் இருந்திருக்கிறது. கருப்பையா அந்த வெளிச்சத்தில்தான் நடந்திருக்கிறார்.

ஜனவரி 22, திங்கள்

புஷ்பத்தின் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று மு.விடம் பொய். பஸ்ஸில் மதுரை. கண் டாக்டர், நடுவயது அம்மா. சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"தெரியலைங்க."

"வீட்ல வேற யாருக்காவது இருந்துச்சா?"

"அம்மாவுக்கு."

"பகல்ல இப்போதைக்கு ஓட்டலாம். இருட்டினா ஓட்டவே கூடாது. இது மருந்துல சரியாகுற வியாதி இல்லீங்க. போகப் போகப் பார்வை இன்னும் குறையும்." அப்புறம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நீங்க இதுவரைக்கும் ராத்திரியில ஓட்டிக்கிட்டா இருந்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

திரும்பும்போது டிரைவருக்குப் பின்சீட்டு. பஸ் லைட்டில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, சொட்டு மருந்து வேறு. டிரைவர் வெற்றிலை போட்டுக்கொண்டு, கண்டக்டரிடம் மச்சினன் கல்யாணக் கதை சொல்லிக்கொண்டு ஓட்டினார். அவர்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை.

ஜனவரி 24, புதன்

வெயில். வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம், ஆச்சி சொன்னது. பெயிண்டர் வந்து விளக்குக் கண்ணாடியில் சட்டப்படி மேல்பாதிக்குக் கறுப்பு அடித்தார். எலுமிச்சம்பழம் நாலு சக்கரத்துக்கும். மு. என் வாயில் லட்டைத் திணித்து, "பழனி நடைக்கு இன்னும் நாள் இருக்கு, கை பழகிக்க" என்றார்.

மு. கணக்குப்பிள்ளையோடு பேசப் போனதும் சாவியை ஆச்சியிடம் நீட்டினேன்.

"இருட்டினா எனக்குக் கண்ணு தெரியாது ஆச்சி."

"அன்னைக்கே தெரியும். நீங்களாச் சொல்லுவீகன்னுதான் இருந்தேன்." சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார்கள். "கருப்பையாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதை நான் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும்."

மு.விடம் ஆச்சியே சொல்லியிருக்கிறார்கள். பகலுக்கு நான், ராத்திரிக்கு வேறு ஆள் என்று முடிவு. வேலை போகவில்லை. சாயங்காலம் கேட்டருகே மு. என்னை நிறுத்தினார். "நானும் லைட்டுன்னுதானேப்பா எழுதிக் குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான் பேசினார். திட்டியிருக்கலாம்.

ஜனவரி 26, வெள்ளி

பள்ளிக்கூடங்களில் கொடியேற்றம், மைக் சத்தம். காலை பத்து மணிக்குக் கருப்பையா கடைக்குப் போனேன். புது வண்டிக்காக மு. எனக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்திருந்தார், போன வாரமே.

"வாங்கண்ணே. சட்டை முடிஞ்சது. காலர் பட்டன் ஒண்ணுதான் பாக்கி."

கால் மெஷின் போய் இப்போது கை மெஷின். அவர் ஊன்றி நடக்கிற கட்டை, சுவரில் சாய்ந்திருந்தது. அவரைச் சுற்றிப் பச்சைத் துணிப் பைகள், இருபது இருக்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணியை அகலமாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நடக்கிறவுகளுக்கு. முதுகுல மாட்டிக்கிட்டா வண்டிக்காரவுகளுக்குத் தெரியும்ல. நான் அன்னைக்குப் பச்சைச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன் பாருங்க, அதுதான் தப்பு. இருட்டுல பச்சை எப்பிடித் தெரியும்? தையக்காரன், எனக்கே இது தெரிய வேணாமா? ஒரு வருசமா இதைத்தான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன்."

ஒரு வருஷமாக. டீ வாங்கிக் கொடுத்த நாளிலெல்லாம்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்காரவில்லை. "பச்சை தப்பில்லை கருப்பையா. லைட்டும் தப்பில்லை. லைட்டு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு மாலைக்கண்ணு."

மெஷின் சக்கரத்தின் மேல் கை அப்படியே நின்றது.

"அப்ப வேற யாரும் ஓட்டியிருந்தா நான் தெரிஞ்சிருப்பேனா?"

"தெரிஞ்சிருப்பீக."

என் சட்டையை எடுத்தார். பட்டன் தைக்கவில்லை. நாலாக மடித்து மெஷினுக்கு அந்தப் பக்கம் வைத்தார். அடுத்த பையை எடுத்து வெள்ளைத் துணியை வைத்து ஓரம் பார்த்தார். தைக்க ஆரம்பித்துவிட்டார். போகச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.