பதினொரு நிமிடம்

மட்டக்களப்பு
11 செப்டெம்பர் 2024

மதிப்புக்குரிய ஜெறோம் அவர்களுக்கு,

நான் வினோஜாவின் அம்மா ஜொய்சி. நீங்கள் பயிற்றுவிக்கும் கல்லூரிப் பெண்கள் உதைபந்தாட்ட அணியில் இரண்டாவது கோல்காப்பாளராக இருக்கிறாளே, அவள்தான் என் மகள். உங்கள் மின்னஞ்சல் முகவரியை அவளிடம் கேட்டால், “சேருக்கு எழுதி என்னை வெட்கப்படுத்தாதங்க அம்மா” என்பாள். அதனால் என் தங்கை றோசாவிடம் வாங்கினேன். மகள் மொன்றியலில் அவளுடைய வீட்டில்தான், கோட்-டெ-நெய்ஜில் இருக்கிறாள்.

ஒரு சின்னக் குறை சொல்ல வேண்டும். நான் பிள்ளையைக் கணினி படிக்க அனுப்பினேன். அவளோ பாடத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை, கையுறையும் பந்தும்தான் பேச்சு. போன கிழமை முழங்கையைக் காட்டினாள், தோல் உரிந்து கிடந்தது. சிரித்துக்கொண்டே காட்டுகிறாள்! இருபத்திரண்டு வருடமாக மருத்துவமாது வேலை பார்க்கிறேன், இரத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனால் இது என் பிள்ளையின் முழங்கை.

உங்களை நான் இங்கே வெபர் மைதானத்தில் விளையாடக் கண்டிருக்கிறேன். இவளின் அப்பா உயிரோடு இருந்தபோது கூட்டிக்கொண்டு போவார். கோல் காப்பவர்கள் ஏன் அடுத்தவன் காலுக்குள் போய்த் தலையைக் கொடுக்கிறார்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு கடலை வாங்கித் தந்தார். நீங்களாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜொய்சி

மொன்றியல்
15 செப்டெம்பர் 2024

அன்புள்ள ஜொய்சி அக்காவுக்கு,

வெபர் மைதானத்துக்கு வந்து பார்த்தவர் என்றால் எனக்கு நீங்கள் அக்காதான். கொழும்பில் ஒன்பது வருடம், மாலைதீவில் ஐந்து வருடம், சம்பளத்துக்குக் கோல் காத்தவன் நான். இந்த ஊருக்கு வந்து என் பெயர் தெரிந்த ஆளைக் கண்டது குறைவு. உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

தலையைக் கொடுப்பதில்லை அக்கா. பயந்து பாதி உடம்போடு போகிறவருக்குத்தான் அடிபடும். முழு உடம்போடும் போனால் பந்து நம்முடையது. ஒருமுறை மாலேயில் தலையில் ஏழு தையலோடு இரண்டாம் பாதியை ஆடி முடித்தேன். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பயப்படாதீர்கள், இங்கே அப்படி இல்லை. தலையில் சின்னத் தட்டு என்றாலும் வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது விதி.

வினோஜா மெட்ரோவில் வந்து எல்லோருக்கும் முன்னால் வலையைக் கட்டிவிட்டு நிற்பாள். பிரெஞ்சில் கத்தவும் பழகிவிட்டாள். இந்தப் பருவத்திலேயே முதல் கீப்பர் ஆவாள் பாருங்கள். அவள் என் பொறுப்பு.

அன்புடன்,
ஜெறோம்

மட்டக்களப்பு
20 ஒக்டோபர் 2024

அன்புள்ள ஜெறோம் தம்பிக்கு,

நீங்கள் சொன்னபடியே ஆகிவிட்டது. முதல் கீப்பர்! அவள் ஒரு பெனால்ட்டியைப் பிடித்த வீடியோவைக் கிளினிக்கில் என் போனில் போட்டேன். நிறைமாதக்காரி தொடக்கம் முதல்மாதக்காரி வரை எல்லாத் தாய்மாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி, “மிஸ்ஸிட மகளா இது?” என்று கேட்டாள். எனக்கு இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி எங்கே வைத்தேன் என்றே மறந்துபோய்விட்டது.

குறை சொல்லி எழுதியவளும் நான்தான். அதை மறந்துவிடுங்கள். நவம்பர் இரண்டாம் திகதி அரையிறுதி என்றாள். வீடியோவைக் கட்டாயம் அனுப்பச் சொல்லுங்கள். குளிர் தொடங்கிவிட்டதாம், நீங்களும் உடம்பைப் பாருங்கள்.

அன்பு அக்கா,
ஜொய்சி

மொன்றியல்
4 நவம்பர் 2024

வினோஜாவின் அம்மாவுக்கு,

தலைக்குள் இரத்தம் கசிந்ததையும், சத்திரசிகிச்சை முடிந்ததையும், அவள் இன்னும் கண் விழிக்கவில்லை என்பதையும் றோசா உங்களுக்குச் சொல்லியிருப்பார். றோசாவுக்குத் தெரியாத ஒன்றை நான் எழுத வேண்டும். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் முன்னால் இருந்தோம். முடிய இன்னும் பதினொரு நிமிடம். எதிரணிப் பெண் ஓடி வர, வினோஜா பாய்ந்து பந்தைப் பிடித்தாள். அந்தப் பிள்ளையின் முழங்கால் அவள் காதுக்கு மேலே பட்டது. எழும்பிவிட்டாள். முதலுதவிக்காரர் அந்த நேரம் மறுகரையில் இன்னொரு பிள்ளையின் கணுக்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நான் கோட்டருகே நின்று, “ஏலுமா பிள்ள?” என்று கேட்டேன்.

“ஓம் சேர்.”

“தலை சுத்துதா?”

“இல்ல சேர். விடுங்க சேர், நான் நிக்கிறன்.”

பிறகு அவள் பந்தை எடுத்துப் போய், கிடைத்த ஃப்ரீ கிக்குக்காகக் கோலடியில் வைக்காமல், எதிரணி உதைக்கும் பெனால்ட்டிப் புள்ளியில் வைத்தாள். நடுவர் காட்டிய பின்புதான் திருத்தினாள். வேறு யாருக்கும் அது பெரிதாகத் தெரிந்திருக்காது. நான் பதினாலு வருடம் அந்த இடத்தில் நின்றவன். எனக்குத் தெரிந்தது. அவள் எங்கே நிற்கிறாள் என்பது அவளுக்கே தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. மாற்றுக் கீப்பர் என் பின்னால் கையுறையோடு தயாராக நின்றாள். ஆளை மாற்றச் சொல்லி நான் கையை உயர்த்தவில்லை.

விசில் ஊதியது. வென்றுவிட்டோம். பிள்ளைகள் எல்லோரும் வினோஜாவைத் தூக்க ஓடினார்கள். அவள் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஓடிப்போன பிள்ளை கட்டிப்பிடித்ததும் அப்படியே சரிந்தாள். சிரிப்புச் சத்தம் நின்றதை நான் கேட்டேன்.

எல்லோரும் இது விபத்து என்கிறார்கள். விபத்து இல்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நின்றேன்.

ஜெறோம்

மட்டக்களப்பு
5 நவம்பர் 2024

கடிதம் கிடைத்தது.

போன வருடம் றோசா கூப்பிட்டபோது எடுத்த விசா இன்னும் முடியவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறேன். விமான நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம்.

ஜொய்சி

மொன்றியல்
27 நவம்பர் 2024

வினோஜாவின் அம்மாவுக்கு,

இதை றோசாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

தினமும் ஆஸ்பத்திரி நடைபாதையில் நிற்கிறேன். நீங்கள் என்னைக் கடந்து போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறீர்கள். திட்டினால் நல்லது என்று சில வேளை நினைப்பேன். அதைக் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

அவள் கண் விழித்துப் பேசுகிறாள் என்று றோசா சொன்னார். இடது கை உயரவில்லை என்றும் சொன்னார். அன்று முழுவதும் என் இடது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரி விசாரணையில் பெனால்ட்டிப் புள்ளி விஷயத்தை நானே சொன்னேன். அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இறுதிப்போட்டியில் அணி விளையாடவில்லை, பிள்ளைகளே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

நடைபாதைக்கும் வர வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். நாளையிலிருந்து வர மாட்டேன்.

ஜெறோம்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
1 டிசெம்பர் 2024

ஜெறோம் தம்பிக்கு,

நான் சுவரைப் பார்த்தது உங்கள் மேல் உள்ள கோபத்தில் என்று நினைத்திருக்கிறீர்கள். கோபம் இருக்கிறது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் வேறு.

அரையிறுதிக்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை, வினோஜா எனக்குப் போன் எடுத்தாள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் கம்பத்தில் தலை அடிபட்டதாம். நீங்கள் அந்த நேரம் மற்றப் பிள்ளைகளோடு நின்றீர்களாம். யாரும் காணவில்லை. தலையிடி விடுதில்லை அம்மா என்றாள். வாந்தி எடுத்தாயா என்று நான்தான் கேட்டேன்.

“ஓம், மெட்ரோவால இறங்கி ஒருக்கா எடுத்தன். சேரிட்ட சொல்லாதங்க அம்மா. சொன்னா சனிக்கிழமை என்னை வெளியில இருத்திருவார்.”

தலையில் அடிபட்டு வாந்தி எடுத்தால் ஒரு நிமிடமும் வைத்திராமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று எத்தனை தாய்மாருக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான். என் பிள்ளைக்கு, “இரண்டு பனடோல் போட்டுட்டுப் படு மகள்” என்றேன். உங்கள் முகவரி என்னிடம் இருந்தது. இரண்டு நாள் இருந்தது. ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை தெரியுமா? அடுத்த கிளினிக்கில் காட்ட எனக்கு வீடியோ வேண்டியிருந்தது. இதை றோசாவிடம்கூட நான் சொல்லவில்லை.

நீங்கள் உங்கள் பிழையை எழுதி அனுப்பியபோது, அதை வாசித்து எனக்கு முதலில் வந்தது என்ன என்று நினைக்கிறீர்கள்? ஆறுதல். இவ்வளவும் இவர் செய்ததுதான் என்று ஒரு ஆறுதல். அந்த ஆறுதலோடுதான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்த பிறகு அவள் கண் விழித்தாள். என்னைக் கண்டதும், “எப்ப வந்தீங்க?” என்று கேட்கவில்லை. நான் மட்டக்களப்பிலிருந்து வந்து நிற்பது அவளுக்குப் புதுமையாகவே இல்லை. என் கையைப் பிடித்து, “சேரிட்ட சொல்லாதங்க அம்மா” என்றாள். அவளுக்கு அந்த வியாழக்கிழமையோடு எல்லாம் நின்றுபோயிருக்கிறது. போட்டி ஞாபகமில்லை, முழங்கால் ஞாபகமில்லை. விடிந்தால் அதே கேள்வி. சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போட்டி என்பாள். பிறகு, சேரிடம் சொல்லவில்லைதானே என்பாள். இல்லை மகள், இல்லை மகள் என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று என்னால் முடியவில்லை.

“சொல்லிட்டன் மகள்” என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள். “ஏன் சொன்னீங்க? இனி அவர் என்னை விளையாட விடமாட்டார்” என்று முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டாள். இன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நேற்று நான் சொன்னது பொய். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்ததும் அது பொய்யில்லாமல் போகும்.

மன்னிப்பைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. உங்கள் பதினொரு நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். என் இரண்டு நாளை நீங்களும் மறக்கத் தேவையில்லை. விசாரணைக்காரருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

நாளை நடைபாதையில் நிற்க வேண்டாம். உள்ளே வாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை இருக்கிறது. விளையாட முடியாது என்று அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அக்கா,
ஜொய்சி